புதுப்பிப்பு: மகனுக்குப் பெயர் சூட்டிவிட்டோம்

கனடாவின் மொன்றியல் நகரில் வளரப்போகும் மகனுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சிதையாத பெயர் வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று பாளையங்கோட்டை வீட்டில் தொட்டிலிட்டுப் பெயர் சூட்டினோம்: ரவி.

நீங்கள் சொன்ன பெயர்களை எல்லாம் பிரெஞ்சு முறையில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தோம். ஹரீஷ், 'அரீஷ்' ஆகிவிடுகிறான். அங்கே ஹகரம் ஒலிப்பதில்லை. பெயரின் கடைசியில் வரும் 'அன்' பெரும்பாலும் மூக்கொலியாகக் கரைந்து, னகரமே காணாமல் போகிறது. அதனால் மாறனையும் முகிலனையும் விட்டோம். முகிலனை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ரவியிலும் ரகரத்தைத் தொண்டையிலிருந்துதான் உருட்டுவார்கள். இருக்கட்டும், பெயர் பெயராகவே கேட்கிறது. அதைவிட, பிரெஞ்சில் 'ரவி' என்றே ஒரு சொல் இருக்கிறது. 'பெருமகிழ்ச்சி கொண்டவன்' என்று பொருள். நமக்கோ சூரியன். இதைச் சொன்னதும் ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

தாத்தா பெயர் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டீர்கள். அது பதிவில் இரண்டாம் பெயராக இருக்கும். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட என் மனைவிக்கு வாய் வராது; அவள் இப்போதே 'ஐயா' என்றுதான் கொஞ்சுகிறாள்.