கருவிப் பெட்டிக்கு ஃபோம் வெட்டும்போது குழியின் சுவர் நேராக வர என்ன செய்ய வேண்டும்?

நுண்ணளவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடினப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் என்னுடைய அளவுக் கருவிகளையும் சில கைக்கருவிகளையும் நிலையாக அடுக்கி வைக்க எண்ணியிருக்கிறேன். பெட்டியின் உள்நீளம் 420 மி.மீ., அகலம் 300 மி.மீ.; ஆழம் அடிப்பாகத்தில் 75 மி.மீ., மூடியில் 35 மி.மீ. அதில் வைக்க வேண்டியவை 150 மி.மீ. வெர்னியர் காலிப்பர், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவி), அதைத் தாங்கும் 55 மி.மீ. உயரமுள்ள காந்தக் கட்டை, 360 மி.மீ. நீளமுள்ள டார்க் ரெஞ்ச் (குறித்த திருகுவிசைக்கு இறுக்க உதவும் ரெஞ்ச்), ஆறு ஸ்பேனர்கள் ஆகியவை.

பெட்டியோடு வந்தது, சிறு கட்டங்களாக முன்பே கீறப்பட்டு, வேண்டிய அளவுக்குக் கையால் பிய்த்தெடுக்கும் கறுப்பு ஃபோம். காந்தக் கட்டையைச் சுற்றியிருந்த சுவர்கள் விரைவிலேயே பிளந்து சாய்ந்துவிட்டதால், கீறல் இல்லாத முழுத் தகட்டை வாங்கி நானே வெட்டிப் பொருத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். துண்டு ஃபோம் ஒன்றில் கட்டர் கத்தியால் வெட்டிப் பார்த்தபோது, மேற்பரப்பில் கத்தி கோட்டின் மீதே ஓடினாலும் அடியில் வெட்டு 3, 4 மி.மீ. விலகிப் போகிறது, தோண்டியெடுத்த குழியின் தரையும் மேடும் பள்ளமுமாகவே அமைகிறது. எந்த வகை ஃபோம் வாங்க வேண்டும், சுவரையும் தரையையும் நேராகக் கொண்டுவருவது எப்படி, சூட்டுக் கம்பியால் வெட்டலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கடைசல் எழுதியது:

முதலில் ஃபோமின் வகையை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் வெட்டும் முறை அதைப் பொறுத்தே மாறும். உங்களிடம் இப்போது இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேனாகத்தான் இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கி விடுங்கள். அது தண்ணீரைக் குடித்துக் கனத்தால், ஃபோமுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் வகை என்று பொருள். எவ்வளவு கசக்கினாலும் குடிக்காமல் மிதந்தால், அறைகள் மூடிய பாலிஎத்திலீனோ ஈ.வி.ஏ.வோ (எத்திலீன் வினைல் அசிட்டேட்) ஆகும்.

அளவுக் கருவிகளைப் பாலியூரித்தேனில் நிரந்தரமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றின் ஈரத்தையும் கருவியில் பூசிய எண்ணெயையும் அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, உலோகத்தின் மேல் ஈரத்துணி போலக் கிடக்கும். துரு அங்கேதான் தொடங்கும். அதிலும் பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த வகை, ஈரத்தால் பல ஆண்டுகளில் சிதைந்து பிசுபிசுப்பான தூளாக உதிரும். மைக்ரோமீட்டரின் திருகுக்குள் அந்தத் தூள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா போன்ற எடை குறைந்த, அதிர்ச்சி தாங்காத பொருள்களுக்கு அந்த மென்மை பொருந்தும். கனமான எஃகுக் கருவிகளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவற்றின் எடையில் ஃபோம் முழுவதும் அமுங்கிப் பெட்டியின் தரையே அதிர்ச்சியை வாங்கும்.

ஆகவே ஒரு கன மீட்டருக்கு 30 முதல் 45 கிலோ வரை அடர்த்தியுள்ள பாலிஎத்திலீன் தகடு போதுமானது. அறைகள் சிறியதாகவும் ஒரே சீராகவும் இருக்கும் குறுக்குப்பிணைப்பு வகை (மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டது) கிடைத்தால் வெட்டின் முகம் இன்னும் வழவழப்பாக இருக்கும். ஈ.வி.ஏ. இதைவிட அடர்த்தியானது, அழகானது. ஆனால் கனமான பொருள் விழுந்த அதிர்ச்சியை அந்த அளவுக்குத் தணிக்காது.

குழியின் தரையைப் பற்றிச் சொல்வதானால், தடித்த தகட்டில் குழி தோண்டுவதையே விட்டுவிடுங்கள். தகட்டை அடுக்குகளாக எடுத்து, வேண்டிய அடுக்குகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஊடுருவ வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வெட்டப்படாத அடுத்த அடுக்கே சமமான தரையாக அமைந்துவிடும். உங்கள் 75 மி.மீ. ஆழத்துக்கு மேலிருந்து 15, 15, 30, 15 என்று நான்கு அடுக்குகள் சரியாக வருகின்றன. வெர்னியரும் ஸ்பேனர்களும் முதல் அடுக்கோடு நின்றுவிடும். டார்க் ரெஞ்சின் தலைக்கு இரண்டு அடுக்குகள் வேண்டும். காந்தக் கட்டை மூன்றையும் ஊடுருவி 60 மி.மீ. ஆழத்தில் உட்காரும், அதற்கு அடியில் 15 மி.மீ. ஃபோம் முழுதாக நிற்கும்.

உளிக்கூர் எழுதியது:

கடைசல் ஐயா சொன்ன அடுக்கு முறையை நானும் வழிமொழிகிறேன். வெட்டு ஏன் விலகுகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் கத்தியை மாற்றிப் பயனில்லை.

கத்தியை அழுத்தும்போது அலகுக்கு முன்னால் உள்ள ஃபோம் முதலில் அமுங்குகிறது, அமுங்கிய நிலையிலேயே வெட்டுப்படுகிறது, கத்தி கடந்த பிறகு பழைய வடிவத்துக்கு மீள்கிறது. நாம் நேராக வெட்டியதாக நினைக்கும் சுவர் மீண்டெழும்போது உட்குழிந்து காணப்படுவது இதனால்தான். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வளைவு. எனவே முதல் ஓட்டத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் கோடு முழுவதையும் கீறிக்கொள்ளுங்கள். அடுத்த ஓட்டங்களில் அலகு அந்தக் கீறலிலேயே வழி பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கத்தியைத் தள்ளாமல், ரம்பத்தைப் போல மேலும் கீழுமாக இழுத்து வெட்ட வேண்டும். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் 18 மி.மீ. அலகு இதற்கு ஏற்றது. ஆனால் அலகை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துவிட்டால் அது வளையும், வளைந்தால் அடியில் வெட்டு விலகும், 30 மி.மீ. அடுக்குக்கு 40 மி.மீ. வெளியே நீண்டிருந்தால் போதும். வெட்டும்போது அலகு கரகரவென்று இழுபட்டால் முனையை ஒடித்துப் புதிய கூரை எடுங்கள். ஃபோம் வேலையில் அலகைச் சிக்கனம் பார்ப்பது வீண்.

நேர்க்கோடுகளுக்கு, நான்கு பக்கமும் செங்கோணமாக இழைத்த மரக்கட்டை ஒன்றைக் கோட்டின் ஓரமாக வைத்து, அலகின் தட்டைப் பக்கத்தை அதன் மேல் படியவிட்டு இழுங்கள். கட்டையைக் குழிக்கு வெளிப்புறமாக வைப்பது நல்லது. கை தவறினால் வீணாவது எறியப்போகும் துண்டாகத்தான் இருக்கும்.

உள்மூலைகளைக் கத்தியால் திருப்ப முயல வேண்டாம். ஒரு மெல்லிய பித்தளைக் குழாயின் விளிம்பைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு, துளைக்குத் துளை நேராக வெட்டுங்கள். குழாயின் உட்பக்கத்தில் சரிவு வரும்படி தீட்ட வேண்டும். அப்போது அமுங்குவது உள்ளே இருக்கும் கழிவுத் துண்டு, துளையின் சுவர் நேராக நிற்கும். கூர்மையான மூலையில்தான் ஃபோம் கிழியத் தொடங்கும் என்பதால், வட்டமான மூலை உறுதிக்கும் நல்லது. கருவியை எடுப்பதற்கான விரல் பள்ளத்தையும் 25 மி.மீ. குழாயாலேயே போட்டுவிடலாம். இந்தப் பள்ளத்தைக் கருவியின் நடுவில் வைக்கிறார்கள் பலர். என் கருத்தில் அது கருவியின் எடைமையத்தில் இருக்க வேண்டும், டார்க் ரெஞ்சுக்கு அது தலைப்பக்கமாகத் தள்ளி வரும்.

கோட்டுருவன் எழுதியது:

கத்தி எவ்வளவு நேராக ஓடினாலும், வரைந்த கோடே தவறாக இருந்தால் பயனில்லை. கருவியை ஃபோமின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரையும்போது, பேனாவின் பருமனில் பாதி அளவுக்குக் கோடு வெளியே தள்ளிவிடுகிறது. பேனா சாய்ந்தால் இன்னும் கூடும். பாலிஎத்திலீனில் கோட்டின் உள்விளிம்பில் வெட்டினால் பிடிப்பு சரியாக வரும். மென்மையான பாலியூரித்தேனாக இருந்தால் சுற்றிலும் இன்னும் 2 மி.மீ. குறைத்தே வெட்டலாம்.

ஒளிப்படம் எடுத்துக் கணினியில் கோடு வரைவதானால் தொலைவில் நின்று ஜூம் செய்து எடுங்கள். ரெஞ்சின் அகன்ற விளிம்பு மேசையிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, அளவுகோல் மேசைமேல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ரெஞ்ச் சுமார் 3 விழுக்காடு பெரிதாகத் தெரியும், 360 மி.மீ. நீளத்தில் அது ஏறத்தாழ 11 மி.மீ. பிழை. 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அதே பிழை 3 மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். அளவுகோலையும் ஒரு துண்டுக் கட்டையின் மேல் அதே 15 மி.மீ. உயரத்தில் வைத்துவிட்டால் மிச்சமும் பெரும்பாலும் மறையும். படத்தை அச்சிடும்போது ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அதை வெர்னியரால் அளந்த பிறகே தாளை ஃபோமில் ஒட்டுங்கள்.

சூட்டுக் கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நைக்ரோம் கம்பி பாலிஎத்திலீனைச் சுத்தமாகவே வெட்டும், காற்றோட்டம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். பாலியூரித்தேனை எக்காரணம் கொண்டும் அதனால் வெட்டக்கூடாது. சூட்டில் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் வெளிவரக்கூடும். அது தவிர, வேகமாக இழுத்தால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வளைந்து மூலைகள் மழுங்கிவிடும். மெதுவாக இழுத்தால் உருகி வெட்டு அகலும். உட்புற வடிவத்துக்குத் துளையிட்டுக் கம்பியை ஒவ்வொரு முறையும் கோத்து மாட்ட வேண்டும். ஒரே ஒரு பெட்டிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்பேன்.

லேசர் வசதி இருக்கிறது என்று யாராவது அழைத்தால், தகடு குளோரின் கலந்த பி.வி.சி. அல்லது நியோப்ரீன் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவற்றின் புகை ஆளுக்கும் ஆகாது, இயந்திரத்தையும் அரிக்கும். பாலிஎத்திலீனும் லேசரில் எளிதில் தீப்பற்றும், அருகிலேயே நிற்க வேண்டும்.

நுண்ணளவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தண்ணீரில் கசக்கிப் பார்த்தேன். பழைய ஃபோம் நன்றாகவே குடித்தது. பாலிஎத்திலீன் அடுக்குகளையே வாங்கப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அடுக்குகளை எந்தப் பசையால் ஒட்ட வேண்டும்? எந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதற்கு ஏதேனும் முறை உண்டா, அல்லது இடம் கொள்ளும்படி அடுக்கினால் போதுமா?

கடைசல் எழுதியது:

பாலிஎத்திலீனின் மேல் சாதாரணப் பசை எதுவும் உறுதியாகப் பிடிக்காது. தொழிலகங்களில் பசையே இல்லாமல், இரண்டு முகங்களிலும் சூடான காற்றைச் செலுத்தி, மேற்பரப்பு உருகிப் பளபளக்கும் கணத்தில் சேர்த்து அழுத்தி ஒட்டுகிறார்கள். சூட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தால் நீங்களும் செய்யலாம். துண்டு ஃபோமில் பழகிய பிறகு செய்யுங்கள், ஏனென்றால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வோர் அடுக்கின் வெளியளவையும் பெட்டியைவிட 2 மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டால், அவை இறுகிப் பொருந்தி ஒட்டாமலேயே நிற்கும். பெட்டியைச் சில காலம் புழங்கிப் பார்க்கும்வரை ஒட்டாமல் வைத்திருப்பதே என் விருப்பம். ஓர் அடுக்கில் மாற்றம் தேவைப்பட்டால் அதை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

இடம் கொள்ளும்படி அடுக்கினால் போதாது. பெட்டியை மேசைமேல் படுக்கவைத்தே எல்லோரும் திட்டமிடுகிறார்கள், ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதும் அது செங்குத்தாக நிற்கிறது, கீல் பக்கம் கீழே வருகிறது. அப்போது எடையைத் தாங்குவது குழியின் தரை இல்லை, கீல் பக்கத்துச் சுவர். உங்கள் பழைய ஃபோமில் காந்தக் கட்டையைச் சுற்றிப் பிளந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கட்டையைக் கீல் பக்கமாகவே வையுங்கள், ஆனால் அதற்கும் பெட்டியின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது 30 மி.மீ. ஃபோம் விடுங்கள். ரெஞ்சைக் கைப்பிடிக்கு இணையாகக் கிடத்தினால் அதன் எடை நீளம் முழுவதும் பரவும். ஸ்பேனர்களுக்கு நடுவே 12 மி.மீ.க்குக் குறையாத சுவர் வேண்டும். இடம் போதாவிட்டால் சுவரை மெலிதாக்காமல் ஸ்பேனர்களைத் தலைமாற்றி அடுக்குங்கள்.

காந்தக் கட்டைக்கு நேரெதிர் மூலையில் மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் வைக்கலாம். கட்டையின் காந்தத்தை அணைத்த நிலையிலேயே உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத்தூள் முழுவதும் அங்கே வந்து சேரும். மைக்ரோமீட்டரின் அளவு முகங்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறிது இடைவெளியோடு இருக்கட்டும். டயல் கேஜில் அளக்கும் பொருளைத் தொடும் முள்தண்டுக்கு முன்னால் 10 மி.மீ. காலி இடம் விட்டு வெட்டுங்கள், தண்டு அழுந்திய நிலையில் மாதக்கணக்கில் கிடக்கக்கூடாது. சொடுக்கு வகை (அமைத்த விசையை எட்டியதும் சொடுக்கொலி தருவது) டார்க் ரெஞ்சாக இருந்தால், அளவுகோலின் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திய நிலையில் அதன் நீளத்தை அளந்து கோடு வரையுங்கள், ஏனென்றால் அந்த நிலையில்தான் அது பெட்டிக்குள் இருக்கப்போகிறது.

மூடியில் மட்டும் மேடும் பள்ளமுமான மென்மையான ஃபோமை வைக்கலாம். பாலியூரித்தேனாக இருந்தால் கருவிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய பாலிஎத்திலீன் தாள் ஒன்றை விரித்துவிடுங்கள். மூடியை மூடும்போது லேசான எதிர்ப்பு தெரிந்தால் சரி. பூட்டை அழுத்திப் போட வேண்டியிருந்தால், டயல் கேஜின் கண்ணாடிக்கு நேர்மேலே உள்ள மேடுகளை வெட்டியெடுங்கள்.