ஏ.என்.ஏ. நெகடிவ், பிளாட்டில் எஸ்எஸ்-ஏ பாசிடிவ்: எதை எழுதுவது?

கேள்வி (லேப் டெக்னீஷியன், கடலூர்)
ஹெப்-2 ஸ்லைடில் (மனித செல் ஒட்டின கண்ணாடி) சீரத்தை 1:80 நீர்த்த அளவிலேயே ஏ.என்.ஏ. (செல் நியூக்ளியஸைத் தாக்கும் ஆன்டிபாடி) நெகடிவ். அதே சீரத்தில் லைன் பிளாட் (ஒவ்வொரு புரதமும் ஒரு கோடா இருக்கிற ஸ்ட்ரிப்) போட்டால் எஸ்எஸ்-ஏ (ரோ புரதத்துக்கான ஆன்டிபாடி) கோடு கருநீலமா, அழுத்தமா வருது. கன்ட்ரோல் கோடு சரியா இருக்கு. நாலு மாசக் கர்ப்பிணி. ரிப்போர்ட்டில் எதை எழுதட்டும்?

பதில் 1 (இம்யூனாலஜி, புதுச்சேரி)
ரெண்டையும் எழுதுங்க. இதில் முரண்பாடே இல்லை. முதல்ல ஸ்ட்ரிப்பில் ரோ-60, ரோ-52 தனித்தனியா இருக்கான்னு பாருங்க. பேர்தான் ஒண்ணு, புரதம் வேற வேற. ரோ-60 வளையம் மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் ஒய் ஆர்.என்.ஏ. (ஒரு வகைச் சின்ன ஆர்.என்.ஏ.) ஒட்டியிருக்கும், மடிப்பு கெட்ட ஆர்.என்.ஏ.வோட நுனி நடு ஓட்டைக்குள்ள நுழையும். ரோ-52 ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிற புரதமே இல்லை, யுபிக்விட்டின் ஒட்டுற என்சைம். ரோ-60 ஹெப்-2 செல்லில் கொஞ்சம்தான் இருக்கு, ஸ்லைடு ஃபிக்ஸ் பண்ணும்போது அதுவும் கழுவிக்கிட்டுப் போயிடும். அதனாலதான் ஸ்லைடு இருட்டா தெரியுது. ஆனா எஸ்எம், யு1-ஆர்.என்.பி. (நியூக்ளியஸில் இருக்கிற வேற புரதங்கள்) கதை வேற. அதுங்க நியூக்ளியஸ் முழுக்கக் கரடுமுரடான புள்ளியா மின்னும். ஸ்லைடு நெகடிவா இருந்து எஸ்எம் கோடு மட்டும் வந்தா, கோட்டைத்தான் சந்தேகப்படணும்.

பதில் 2 (பிளாட் பெஞ்ச், புதுச்சேரி)
ஒரு தடவை ரிபீட் போடுங்க. எங்க கிட்டில் 15 மைக்ரோலிட்டர் சீரம், 1.5 மில்லி பஃபர், ராக்கரில் 30 நிமிஷம். 5 நிமிஷமா மூணு வாஷ், கான்ஜுகேட் (ஆன்டிபாடியில் ஒட்டுற என்சைம் கலவை) 30 நிமிஷம், திரும்ப மூணு வாஷ், சப்ஸ்ட்ரேட் (நிறம் தர்ற கரைசல்) 10 நிமிஷம், டிஸ்டில்டு வாட்டர். உங்க கிட் தாளில் வேற அளவு இருந்தா அதையே பிடிங்க. நம்ம கடற்கரை ஈரக்காத்துல ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட்டை உடனே பிரிச்சா ஸ்ட்ரிப் மேல தண்ணி கோத்துக்கும். ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிங்க. ஈர ஸ்ட்ரிப்பை ரீட் பண்ணவே கூடாது, பின்னணியும் கருத்துத் தெரியும், மங்கல் கோடும் பாசிடிவ்னு ஏமாத்தும்.

பதில் 3 (ருமட்டாலஜி, புதுச்சேரி)
ரிபீட்டுக்காக ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்காதீங்க, இன்னிக்கே போனில் சொல்லிடுங்க. அம்மாவோட ஐஜிஜி ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையோட இதயத்தில் மின்பாதையைத் தாக்கலாம். இந்த ஆன்டிபாடி இருக்கிற 100 கர்ப்பத்தில் சுமார் 2-ல்தான் குழந்தைக்கு ஹார்ட் பிளாக் (இதய மின்பாதை அடைப்பு) வரும், ஆனா முழு பிளாக் ஆயிட்டா திரும்பாது. ஆபத்து அதிகம் 16 முதல் 26 வாரத்துக்குள்ள, இவங்க அந்த வாசல்லதான் நிக்கிறாங்க. ஃபீட்டல் எக்கோ (வயித்துக் குழந்தையோட இதய ஸ்கேன்), ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை ரெண்டையும் அவங்க டாக்டர் முடிவு பண்ணட்டும். முந்தின குழந்தைக்கு பிளாக் இருந்துச்சான்னு கேட்கச் சொல்லுங்க, இருந்திருந்தா ஆபத்து பல மடங்கு.

கேட்டவர்
ரோ-60, ரோ-52 ரெண்டும் இருக்கு, லா (எஸ்எஸ்-பி, இன்னொரு ஆன்டிபாடி) இல்லை. டாக்டரிடம் பேசியாச்சு. ரிபீட் ராக்கரில் ஓடுது.