வடசென்னைக் கல்லூரி அணியில் வடசென்னைப் பிள்ளைகளைத் தக்கவைக்க என்ன வழி?

கேள்வி: தண்டையார்பேட்டை முன்னாள் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, வடசென்னையிலுள்ள அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு மாலை நேரப் பயிற்சியில் உதவி வருகிறேன். கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பள்ளி அளவில் நன்றாக ஆடும் பையன்கள் யார், அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இருந்தும் பிளஸ் டூ முடிந்தவுடன் அவர்களில் தேர்ந்தவர்கள் நகரின் தெற்கு எல்லையைத் தாண்டியுள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு ஆகிய மூன்றுமே இலவசம் என்கிறார்கள். எங்களிடம் சேர்பவர்களிலும் சிலர் இரண்டாம் ஆண்டிலேயே ஆடுகளத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பணத்தில் அவர்களோடு எங்களால் போட்டி போட இயலாது. அதைத் தவிர்த்து, ஒரு சிறிய கல்லூரியின் சக்திக்கு உட்பட்ட வழி ஏதேனும் உண்டா?

பதில் 1: பெரம்பூர், ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்

விடுதியும் சாப்பாடும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சான்றிதழில் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டல, அகில இந்தியப் போட்டிகளில் கல்லூரிகள் ஆடுவதில்லை, பல்கலைக்கழகங்களே ஆடுகின்றன. உங்கள் மாணவன் அங்கே போக வேண்டுமானால், சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளின் வீரர்களோடு மோதி, சென்னைப் பல்கலைக்கழக அணியின் 12 இடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே 12 இடங்கள்தான் என்றாலும், அவை முழுவதும் அதன் சொந்த மாணவர்களுக்கே உரியவை.

பல்கலைக்கழக அணிக்காக அந்தப் போட்டிகளில் ஆடினால் கிடைப்பது படிவம் 3 என்ற சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும்போது, மத்திய அரசுத் துறைகள் பலவற்றில் விண்ணப்பிக்கும் அடிப்படைத் தகுதியை இந்தச் சான்றிதழ் தருகிறது. ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) அணியைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு, கூடைப்பந்து என்பது பெட்டித் தொழிற்சாலையிலோ வங்கியிலோ நிரந்தர வேலைக்குப் போகும் பாதை. ஆகவே, 'எங்கள் கல்லூரி, நம் ஊர்' என்று பேசி முதல் தர ஆட்டக்காரனை நிறுத்த முயல்வது பயனற்றது என்பதோடு, நேர்மையும் ஆகாது என்பது என் கருத்து. அவனை வாழ்த்தி அனுப்பிவிட்டு, அவனுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் ஆறேழு பேரைப் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். தனியார் பயிற்சியாளர்களின் கண் படாத பையன்கள் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள், குறிப்பாக பதினேழு வயதுக்கு மேல் திடீரென்று உயரம் போடுபவர்கள்.

பதில் 2: காசிமேடு, முன்பு கல்லூரி அணியில் ஆடியவர்

ஐயா சொல்வது சேர்க்கைக்குப் பொருந்தும். ஆனால் இரண்டாம் ஆண்டில் பாதியில் நிற்பதற்கு அது காரணம் இல்லை, அண்ணா. நானும் அப்படி நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் அந்தக் காலத்தில்தான். வீட்டில் ஒரு ரூபாய் வரவில்லாத அந்த வாரங்களில், கட்டணமே வேண்டாம் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னால் எந்த அப்பா மறுப்பார்? எனக்கு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் வரிசையில் அந்த இடங்கள் நிரம்பிய பிறகு, அணிக்கு வேண்டும் என்று சொல்லிச் சுயநிதி மாலைப் பிரிவில் சேர்த்தார்கள். கட்டணம் கூடியது ஒரு பக்கம் என்றால், பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆன பிறகு அணியின் மாலைப் பயிற்சிக்கு நான் எப்படி வருவது? விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்குப் போய்விட்டு வருபவனை அதன் பிறகு ஓடச் சொன்னால் முட்டி போய்விடும்.

எனவே விளையாட்டு மாணவர்களுக்கென்று உதவி பெறும் பிரிவில் இரண்டு மூன்று இடங்களையாவது ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் முட்டையும் சுண்டலும் கொடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் ஒரு நல்ல ஷூ அதைவிடப் பல மடங்கு விலை, சிமெண்ட் தரையில் அது ஒரு பருவம் தாங்குவதே அதிகம்.

பதில் 3: வியாசர்பாடி, பள்ளி ஆசிரியை

இருவரும் கல்லூரி வாசலிலிருந்து பேசுகிறீர்கள், நான் பள்ளியிலிருந்து பேசுகிறேன். எங்கள் பகுதியில் கால்பந்து ஏன் வேரூன்றியது? வெற்று மைதானமும் ஒரு பந்தும் போதும் என்பதால். கூடைப்பந்துக்குச் சமதளமான தரையும் 3.05 மீட்டர் உயரத்தில் வளையமும் வேண்டும், வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளித் தளம் வழுக்கத் தொடங்கினால் பயிற்சி நின்றுவிடுகிறது. பல மாநகராட்சிப் பள்ளிகளில் முழு ஆடுகளத்துக்கான 28 மீட்டர் நீளமே கிடையாது. உயரமான பிள்ளைகளைக் கைப்பந்து (வாலிபால்) ஆட்டக்காரர்கள் ஏழாம் வகுப்பிலேயே அழைத்துப் போய்விடுகிறார்கள் (அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, முதலில் வந்து கேட்டவர்கள் அவர்கள்தான்).

உங்கள் ஆடுகளத்தைச் சனிக்கிழமை காலைகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா? டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இடம்பெறும் மூவர் ஆட்டத்துக்குப் பாதிக் களமும் ஒரே வளையமும் போதும், எங்கள் பள்ளி முற்றத்திலேயே நடத்தலாம். பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் மாணவிகளுக்குத் தெரியவில்லை. விடுதிக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் பெற்றோர், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரியைத்தான் விரும்புவார்கள். தனியார் பல்கலைக்கழகத்தால் தர முடியாத ஒன்று உங்களிடம் உண்டென்றால் அது இந்த அருகாமைதான்.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. உதவி பெறும் பிரிவு இடங்களைப் பற்றி முதல்வரிடம் பேசுகிறேன். சனிக்கிழமைப் பயிற்சிக்குத் தடை இருக்காது, பெண்கள் அணியைப் பற்றி எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஐயா, மூன்றாண்டுப் படிப்பு முடித்தவர்களை முதுகலையில் சேர்த்து மேலும் இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பது நடைமுறையில் சாத்தியமா?

பதில்: பெரம்பூர், ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்

சாத்தியம்தான். 25 வயதுக்கு உட்பட்டவர் வரை ஆடலாம் என்பதால், பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காதவனுக்கு முதுகலை இன்னும் இரண்டு தேர்வு வாய்ப்புகளைத் தருகிறது. தடையாக நிற்பது அரியர்தான். ஐந்தாம் பருவத் தேர்வுக்கு முன்பே யாருக்கு எத்தனை தாள் பாக்கி என்று துறைத்தலைவர்களிடம் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள், பயிற்சி நேரத்தில் அரை மணியைக் குறைத்தாவது அந்தத் தாள்களைப் படிக்க வையுங்கள்.