1500 மி.மீ. குவியத் தொலைவை ஒரு மீட்டர் பெட்டிக்குள் மடிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். 100 மி.மீ. விட்டமும் 1500 மி.மீ. குவியத் தொலைவும் உடைய, நிறப்பிறழ்ச்சி குறைக்கப்பட்ட இரட்டை லென்ஸ் ஒன்று என்னிடம் உள்ளது. அதை வைத்துத் தொலைநோக்கி ஒன்று செய்து, சமதள ஆடிகளால் ஒளிப்பாதையை மடித்து, அதன் பெட்டியை ஒரு மீட்டருக்குள் முடிக்க விரும்புகிறேன். ஆடிகளை எங்கே வைப்பது? முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1

முதல் ஆடியை லென்ஸிலிருந்து 900 மி.மீ. தொலைவில் வையுங்கள். குவியத்துக்கு 600 மி.மீ. எஞ்சியிருக்கும் அந்த இடத்தில் ஒளிக்கூம்பு 40 மி.மீ. விட்டத்துக்குச் சுருங்கியிருக்கும், 20 மி.மீ. அகலப் பார்வைப்புலம் முழுவதற்கும் ஒளி குறையாமல் கிடைக்க 52 மி.மீ. வேண்டும் என்பதால், 60 மி.மீ. ஆடி தாராளமாகப் போதும். அதை 4 பாகை சாய்த்தால், திரும்பி வரும் ஒளி 500 மி.மீ. கடக்கும்போது அச்சிலிருந்து 70 மி.மீ. விலகியிருக்கும். அங்கே 30 மி.மீ. சிற்றாடியை ஏறத்தாழ 45 பாகையில் நிறுத்தி ஒளியைப் பக்கவாட்டில் வெளியே எடுக்கலாம். உள்ளே வரும் கூம்பை அது மறைக்காது.

மறுமொழி 2

முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அதன் பூச்சு பின்புறம் இருப்பதால், முன்பரப்பு தனியாக 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி, வியாழன் போன்ற பொலிவான பொருளுக்கு அருகில் ஒரு பேயுருவத்தை, அதாவது மங்கலான இரண்டாவது உருவத்தைக் காட்டும். முன்பரப்பில் அலுமினியம் பூசிய ஆடியே தேவை.

மேலே சொன்ன அமைப்பை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சமதளம் என்று விற்கப்படும் ஆடியில் மிக மெல்லிய வளைவு இருக்கக்கூடும். ஒளி ஏறக்குறைய நேராக விழுந்தால் அது குவியத்தைச் சற்று நகர்த்துவதோடு நின்றுவிடும், 45 பாகையில் விழுந்தாலோ விண்மீன் குறுக்கும் நெடுக்குமாக நீளும். இங்கே 45 பாகையில் நிற்பது குவியத்துக்கு 100 மி.மீ. முன்னால் உள்ள சிற்றாடி மட்டுமே. ஒரு விண்மீனின் ஒளி அதில் 7 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் பிழை அவ்வளவாகத் தலைகாட்டாது.

கேட்டவர்

நன்றி. முதல் ஆடியை லென்ஸுக்கு இன்னும் அருகில் கொண்டுவந்து, பெட்டியை 700 மி.மீ. ஆக்கலாமா?

மறுமொழி 2

ஆக்கலாம், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். ஆடி 70 மி.மீ. அளவுக்குப் பெருக்கும், சாய்வும் கூடும், தரமான சமதளம் கிடைப்பதும் அரிதாகும்.

மறுமொழி 3

ஒளித்தடுப்புத் தகடுகளை மறந்துவிடாதீர்கள். மடித்த பெட்டியில் வெளியொளி ஆடிகளைத் தொடாமலேயே கண்ணருகு லென்ஸுக்கு வந்துவிடும். கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியே பகலில் பாருங்கள்: ஆடியில் தெரியும் லென்ஸின் வட்டத்தைத் தவிர வேறெதுவும் வெளிச்சமாகத் தெரிந்தால், அந்த வழியைக் கறுப்புத் தகட்டால் அடைக்க வேண்டும்.