மீள்சீட்டா, சுழல்சீட்டா? முப்பதாண்டுப் போர் ஆட்டத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரை (1618–1648) வைத்து நாங்கள் உருவாக்கும் சீட்டாட்டத்தின் விதிநூலுக்கு நீங்கள் அனுப்பிய சொற்களுக்கு நன்றி. கட்டு, கலைத்தல், இறக்குதல் எல்லாம் சீட்டு ஆடுகிறவர்கள் வாயில் புழங்குபவை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் ஒரே சிக்கல்தான்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வரலாற்று நிகழ்வும் ஓர் எண்ணும் இருக்கும்; இரண்டில் ஒன்றுக்காக இறக்கலாம். இறக்கிய சீட்டு இரண்டு வழியில் போகிறது. சில சீட்டுகள் ஒதுக்கியவற்றோடு சேர்ந்து, கட்டு தீர்ந்ததும் மறுபடி கலைக்கப்பட்டுக் கைக்கு வரும். மற்றவை நிகழ்வை நடத்தியதும் பெட்டிக்குள் போய்விடும். அந்த ஆட்டம் முடியும்வரை வெளியே வராது. இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

'நீக்கச் சீட்டு' என்றால் எதிராளியின் சீட்டை நீக்க உதவுவது என்றுதான் புதிதாக ஆட வருகிறவர் எடுத்துக்கொள்வார். 'தீர்சீட்டு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'கட்டு தீர்ந்ததும்' என்ற தொடர் விதிநூலில் அடிக்கடி வருவதால் குழப்பும். 'சுழல்சீட்டு' என்றால் சீட்டு ஆள் மாற்றி ஆள் சுற்றுவதாகத் தோன்றும்.

என் முன்மொழிவு: மீள்சீட்டு, மீளாச் சீட்டு. முன்னது வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. பின்னதில் மிகும். அச்சுக்கோக்கும்போது இதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

இந்தச் சொற்கள் எனக்குப் பிடித்ததற்கு முக்கியக் காரணம் வேறு. எந்தச் சீட்டு எந்த வகை என்று முடிவு செய்யும்போது, வரலாற்றைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டைச் சன்னல் வழியே, ஆண்டுகொண்டிருந்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பிரதிநிதிகள் இருவரையும் ஒரு செயலரையும் பொஹீமியாவின் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் போர் மூண்டுவிட்டது. அது மீளாச் சீட்டு. 1632இல் லூட்சன் களத்தில் சுவீடன் அரசர் கஸ்தாவ் அடால்ஃப் விழுந்ததும், 1634இல் புனித ரோமப் பேரரசின் தளபதி வாலன்ஸ்டைன் தன் படை அதிகாரிகள் கையாலேயே கொல்லப்பட்டதும் அப்படித்தான். கூலி கிடைக்காத படை ஊரைச் சூறையாடுவது மீள்சீட்டு. அந்தப் போர் முழுக்க நடந்தது அதுதான். பிரெஞ்சுப் பணமும் மீள்சீட்டே. பிரான்சின் முதலமைச்சரும் கத்தோலிக்கக் கர்தினாலுமான ரிஷ்லியு, புராட்டஸ்டண்ட் சுவீடனுக்கு ஆண்டுக்கு 4,00,000 தாலர் (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) தர 1631இல் பேர்வால்டெயில் ஒப்பந்தம் போட்டார். பின்னாலும் பணம் வந்துகொண்டே இருந்தது.

ஜெர்மன் நகரமான மாக்டெபுர்க்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமானது. 1631 மே மாதம் பேரரசின் படை அந்த நகரத்துக்குள் புகுந்து, ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். ஊரே எரிந்தது. 'நகரச் சூறை' என்று பொதுப் பெயரிட்டு மீள்சீட்டாக்கினால் ஆட்டத்துக்கு விறுவிறுப்பு கூடும் என்று எங்கள் குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. எரிந்து போன ஊரை ஒரே ஆட்டத்தில் இரண்டாம் முறை எரிப்பது பொய். அங்கே செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. அது தன் பெயரோடு மீளாச் சீட்டாகவே இருக்கும். மற்ற ஊர்களின் சூறை தனிச் சீட்டு.

'மீளாத் துயில்' என்று மரண அறிவித்தல்களில் வருவதால் 'மீளா' துக்கச் சொல்லாகத் தொனிக்கிறது என்று யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கவலைதான். கேளிக்கை ஆட்டம் என்றால் நானும் தயங்கியிருப்பேன். ஜெர்மன் நிலப்பகுதிகள் சிலவற்றில் பாதிக்கு மேல் மக்கள் அழிந்த ஒரு போருக்கு அந்தத் தொனி இருந்துவிட்டுப் போகட்டும்.

விதிநூல் வாக்கியம் இப்படி வரும்: "இது மீளாச் சீட்டு. நிகழ்வை நடத்தியதும் பெட்டியில் வைக்கவும். எண்ணுக்காக மட்டும் இறக்கினால் ஒதுக்கவும்." சத்தமாகப் படித்துப் பாருங்கள், இடறவில்லை.

அப்புறம், ஒதுக்கிய சீட்டுகளின் அடுக்குக்கு 'ஒதுக்குக் கட்டு' சரியா, 'கழிகட்டு' சரியா? எனக்கு முதலாவது பிடிக்கிறது. ரம்மி ஆடுகிறவர்கள் உங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.