கூர்நோக்கு இல்லத்தில் ‘அண்ணன்’ என்று ஒருவன்

கோத்தகிரி, ஆசிரியர்:
குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும், சமவெளியில் உள்ள ஒரு கூர்நோக்கு இல்லத்திற்குச் சில காலம் தமிழ் கற்பிக்கச் சென்று வந்தேன். ஒரு நாள் மதிய உணவின்போது, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன், தன் தட்டில் வைக்கப்பட்ட அவித்த முட்டையை எடுத்து, யாரும் கேட்காமலேயே, இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருந்த பெரிய பையனின் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து வெறும் சாம்பார்ச் சோற்றைப் பிசையத் தொடங்கினான். வாங்கியவன் பேச்சை நிறுத்தவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. கைகலப்பு என்றால் விலக்கிவிட்டிருப்பேன். இதில் எதை விலக்குவது? காவலர் அறிந்திருந்தால் நிச்சயம் அனுமதித்திருக்க மாட்டார்.

குன்னூர், வாகன ஓட்டுநர்:
ஆசிரியர் ஐயாவின் கடைசி வரியை, அப்படியோர் இல்லத்தில் இருந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். காவலருக்குத் தெரியும். இரவில் ஒரு கூடம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான் என்பதால், சத்தம் எழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாங்கள் ‘அண்ணன்’ என்று அழைத்தவனிடம் விட்டிருந்தார். அதற்கு ஈடாக, மின்விசிறிக்குக் கீழே யார் படுப்பது, கழிப்பறை வாசலில் யார் படுப்பது என்பதை அவனே முடிவு செய்தான். நான் போய்ச் சேர்ந்த இரவே என் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னான். அந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் எவருக்கும் தேவையில்லை. மலையிலிருந்து வந்தவன் சொன்னவுடன் கழற்றுகிறானா என்பதைத்தான் அவன் பார்த்தான். நான் தயங்கினேன். தலைக்கு மேல் போர்வை விழுந்தது. அடித்தவர்கள் யார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. காலையில் ஆள் எண்ணும்போது என் வீங்கிய உதட்டைக் கண்ட காவலர், “வழுக்கி விழுந்தாயா?” என்று தாமே கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் அதையே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

கொடைக்கானல், வழக்கறிஞர்:
சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்ற சிறுவனிடம் கைக்காயம் பற்றிக் கேட்டபோது, அவன் பதில் கூறாமல், உடன் அழைத்து வரப்பட்டிருந்த மற்றொரு பையனின் முகத்தைப் பார்த்தான். பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வயது, உடல், மனநிலை, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் கருதிச் சிறுவர்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 47 கூறுகிறது. பிரிக்கவில்லையெனில் எழுத்து மூலம் முறையிடுங்கள். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கோருங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞரைப் பெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிவு 12ன்படி பிணையில் விடுவதே விதி. குற்றவாளிகளாக அறியப்பட்டவர்களுடன் சேரவோ, ஆபத்துக்கு உள்ளாகவோ, நீதி தவறவோ இடமுண்டு என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். பிணையாளர் இல்லாமலும் விடுவிக்க இயலும். விசாரணையை 4 மாதங்களில் முடிக்க வேண்டும். சிறு குற்றமாயின், 2 மாத நீட்டிப்புக்குப் பின்னும் முடியாத வழக்கு அத்துடன் கைவிடப்படும். பிள்ளையைக் கீழே அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் விடுப்புக் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கூடலூர், தோட்டத் தொழிலாளி:
நாங்கள் காத்திருக்கவில்லை, ஐயா. வரிசை வீட்டில் குடியிருக்கும் எங்களுக்குச் சொந்தமாகக் காணி நிலம்கூட இல்லாததால், பிணைக்கு ஆள் தேடியே நாட்கள் ஓடின. பிணையாளர் இல்லாமலும் விடலாம் என்பதை இங்கேதான் முதன்முறையாகப் படிக்கிறேன். அதற்குள் என் அக்காள் மகன், நாங்கள் பார்க்கச் செல்லும்போதெல்லாம் பிஸ்கட், சோப்பு என்று கூடுதலாகக் கேட்கத் தொடங்கினான். ஒருமுறை ஒட்ட வெட்டிய தலையுடன் நின்றுகொண்டு, தேங்காய் எண்ணெய் வேண்டும் என்றான். யாருக்கு என்று அக்காள் கேட்டாள். “வாங்கிட்டு வாம்மா” என்பதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறான். சிறு திருட்டு வழக்குதான், 6 மாதங்களைத் தாண்டியும் முடியவில்லை. அதைக் கைவிடக் கோரும் மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.