எட்டு வருடம் கைப்பையில் இருந்த குளிசை அட்டை

வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைட் குளிசையை நீண்ட காலம் போட்டவர்கள் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் திருகோணமலை நகரில் இருக்கிறேன், மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இதைப் பற்றி வீட்டிலேயே அதிகம் பேசியதில்லை. இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

2011 ஜனவரி வெள்ளம் வடிந்ததும் வகுப்பறைகளில் படிந்த சேற்றைக் கழுவப் போனோம். நல்ல வெயில். தாகத்துக்கு அங்கிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடித்துவிட்டேன். மறுநாள் காய்ச்சல், வயிற்றோட்டம். ஜீவனி என்ற உப்புச் சீனிப் பொடியைக் கரைத்துக் குடித்துக் குடித்து ஒரு கிழமையில் எழும்பிவிட்டேன். காய்ச்சல் போனது, வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் நோய் மிஞ்சிவிடும் என்பது எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்துத்தான்.

காலை ஆறு மணி பஸ் எனக்கு. நாலரைக்கே எழும்பி மூன்று தரம் போய்விட்டுத்தான் ஏறுவேன். அப்படியும் கிண்ணியாப் பாலம் வருமுன் அடிவயிறு முறுக்கத் தொடங்கிவிடும். ஒருநாள் சீனக்குடா தாண்டியதும் தாங்க முடியாமல் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். ஒரு வயதான அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, வாளியில் தண்ணீர் அள்ளித் தந்து பின்பக்கத்தைக் காட்டினார். திரும்பி வந்தபோது ஒரு குவளை பிளேன்ரீ வைத்திருந்தார். அந்த அம்மாவை இன்றைக்கு நினைத்தாலும் கண் கலங்கும். அன்று பாடசாலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த கிழமை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர்தான் 2 மில்லிகிராம் லோபரமைட் ஒன்று தந்தார். போட்டேன். அன்று முழுநாளும் வயிறு பேசவே இல்லை. மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், காலையிலிருந்து கதவு எங்கே இருக்கிறது என்று ஒருதரமும் பார்க்கவில்லை என்பது உறைத்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். அதனால்தான் இந்த மருந்தைக் கெட்டது என்று ஒரு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது.

பிழை பிறகுதான் வந்தது. பாமசியில் அட்டையாகக் கேட்டால் அட்டையாகத் தந்தார்கள், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டி, கைப்பையின் சிறு பைக்குள், பணப்பைக்குள், மழைக்கோட்டுப் பையில் கூட வைத்திருப்பேன். முதலில் பாடசாலை நாளுக்கு ஒன்று. பிறகு பரீட்சை மேற்பார்வை என்றால் இரண்டு. கலியாண வீட்டுக்கு முன் இரண்டு. கொழும்புப் பயணம் என்றால் முதல் நாள் இரவே தொடங்கிவிடுவேன். வயிறு சும்மா இருந்தாலும், எங்கே வந்துவிடுமோ என்ற பயத்துக்கே போட்டேன். அப்புறம் மூன்று நாள் போகாது, வயிறு உப்பிப் பறைபோல் கிடக்கும், அதற்கு ஒரு பேதி மருந்து, அதற்குப் பிறகு ஓட்டம், அந்த ஓட்டத்துக்கு மறுபடி லோபரமைட். வருடக்கணக்கில் இப்படியே சுற்றினேன். வலியோ உப்பிசமோ ஒருநாளும் குறையவில்லை. அந்த மருந்து அவசரத்தையும் தடவைகளையும் குறைக்கும், ஐபிஎஸ் வலிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது தெரியாமல் வலி கூடக் கூடக் குளிசையையும் கூட்டினேன்.

2019 இல் நெஞ்சுச் சளிக்கு ஒரு டொக்டரிடம் போனேன். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதப் போனவர், "ரீச்சர், வழக்கமா போடுற மருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழும்பும்போது ஏதோ நினைவு வந்து, "வயித்துக்கு மட்டும் லோபரமைட் போடுவன், அது மருந்தில்லத்தானே டொக்டர்" என்றேன். பேனையை மேசையில் வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?" எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வருடமாக நான் எண்ணவே இல்லை.

அன்றைக்கே இதயத் துடிப்பைப் பதியும் ஈசீஜீ எடுத்தார், நல்லவேளையாக ஒழுங்காக இருந்தது. பிறகு இருத்தி விளங்கப்படுத்தினார். லோபரமைட் ஓபியம் வகையைச் சேர்ந்த மருந்து. குடல் சுவரிலுள்ள நரம்பு வலையில் வேலை செய்து அசைவை மெதுவாக்கும், அதனால் தண்ணீர் உறிஞ்சப்பட நேரம் கிடைக்கும். வழக்கமான அளவில் மூளைக்குள் நுழையாது. ஆனால் அளவு மிஞ்சிப் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பிவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டதாகவும் சொன்னார். அவர் எழுதப்போன கிளாரித்ரோமைசின் போன்றவை, உடம்பிலிருந்து லோபரமைட் வெளியேறுவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடுமாம். வேறு மருந்து எழுதித் தந்தார்.

"நீண்ட நாள் போடலாம், அதில பிழையில்ல. ஆனா எதுக்குப் போடுறீங்க எண்டு உங்களுக்கும் தெரியோணும், எனக்கும் தெரியோணும்" என்றார்.

அதன்பிறகு இரத்தப் பரிசோதனை, தைரொயிட், கோதுமையின் குளூட்டனால் வரும் சீலியாக் நோய், மலத்தில் அழற்சி பார்க்கிற பரிசோதனை எல்லாம் செய்தோம். இரவில் வயிற்றோட்டம் எழுப்புகிறதா, மெலிந்தேனா, இரத்தம் போகிறதா, குடும்பத்தில் குடல் புற்றுநோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. ஐபிஎஸ்தான் என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. எட்டு வருடம் நானே வைத்த பெயரை நம்பியிருந்திருக்கிறேன்.

இப்போது பயணம் உள்ள நாளில் ஒரு மணித்தியாலம் முன்பு ஒன்று மட்டும். சனி, ஞாயிறு இல்லை. ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதுகிறேன். வலிக்கு மெபெவெரின், சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன். நார்ச்சத்துக்கு இசப்கோல் உமியைச் சிறு கரண்டியில் தொடங்கி நிறையத் தண்ணீரோடு. தேத்தண்ணி மூன்று கோப்பைக்கு மேல் இல்லை. சாப்பாட்டில் எனக்குப் பெரிய மாற்றம் வெங்காயம்தான். பாணும் வெங்காயச் சம்பலும் காலையில் விட்டுவிட்டேன். இடியப்பம், சொதியில் வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி. ஆறு கிழமை இப்படி இருந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தேன். பருப்பு கொஞ்சமாக ஒத்துவந்தது, உள்ளி ஒத்துவரவே இல்லை.

குறைக்கத் தொடங்கிய முதல் பத்து நாள் கடினம். விடுமுறையில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று.

*

கிண்ணியாவிலிருந்து:

ரீச்சர், நீங்க எழுதினதப் பாத்து நானும் எழுதுறன். நான் லொறி ஓட்டுறவன். எனக்கும் ஐபிஎஸ்தான் எண்டு டொக்டர் சொல்லி, தூரப் பயணத்துக்கு லோபரமைட் போடுவன். போன நோன்புல கடும் காய்ச்சலோட வயிறு ஓடிச்சு, இரத்தமும் தெரிஞ்சிச்சு. பழைய பழக்கத்தில இதுவும் அதுதான் எண்டு ரெண்டு, பிறகு ரெண்டு போட்டுட்டன். ஓட்டம் நிண்டுச்சு, வயிறு கல்லுப்போல வீங்கிச்சு. உம்மாதான் அழுது புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. காய்ச்சல், இரத்தம் இருந்தா இந்தக் குளிசையத் தொடவே கூடாதாம், கிருமி உள்ளுக்க நிண்டு குடல வீங்க வச்சிடுமாம். நாலு நாள் படுத்திருந்தன். ஐபிஎஸ் உள்ளவனுக்கும் வேற வருத்தம் வரும் எண்டத நான் மறந்துட்டன். தயவுசெய்து நீங்க மறக்காதீங்க.

*

உப்புவெளியிலிருந்து:

அக்கா, எனக்கும் ஐந்து வருடம் ஐபிஎஸ் என்றுதான் சொன்னார்கள். பித்தப்பை எடுத்த பிறகு தொடங்கிய வயிற்றோட்டம் என்பதை நான் எந்த டொக்டரிடமும் சொல்லவில்லை, தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியாக ஒருவர் கேட்டார். பித்த அமிலம் பெருங்குடலுக்கு அதிகமாகப் போவதால் வருவதாம். கொலெஸ்டிரமின் பொடி தந்தார், ஒரு கிழமையில் தெரிந்தது வித்தியாசம். அந்தப் பொடி மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும், இடைவெளி விட்டுத்தான் மற்றதைப் போட வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

*

நிலாவெளியிலிருந்து:

ரீச்சர், ஒரு கேள்வி. என் மகளுக்கு பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறாள். விடுதியில் இருபது பேருக்கு இரண்டு கக்கூஸ் என்று பயந்து லோபரமைட் வாங்கித் தரச் சொல்கிறாள். ஐபிஎஸ் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கொடுத்தால் அடிமையாகிவிடுவாளோ?

*

மறுபடி நான்:

தங்கச்சி, சொன்ன அளவில் போட்டால் போதை தராது. நான் அடிமைப்பட்டது பயத்துக்கு. மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், எந்த நாளில் எத்தனை என்று டொக்டரிடமே எழுதி வாங்குங்கள், அவளே கேட்கட்டும். வேறு மருந்து யார் எழுதினாலும், பல்லுக்கு எழுதினாலும், இதைப் போடுகிறேன் என்று சொல்லப் பழக்குங்கள். ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், விடுதியில் ஒரு சினேகிதியிடமாவது சொல்லி வைக்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒருவர் எட்டு வருடமும் இருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கோணேசர் கோவில் பூசைக்குப் போனேன். கோட்டை வாசலில் மான்களுக்குப் பக்கத்தில் நின்று கைப்பையைத் திறந்து பார்த்தேன், அட்டையை வீட்டில் விட்டிருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு மேலே ஏறினேன்.